கலிஃபோர்னியாவின் தூண்டில் படகுகளும் டீசல் புகை விதிகளும்

கலிஃபோர்னியாவின் பசிபிக் கரையில், தெற்கே சான் டியேகோ தொடங்கி வடக்கே பொடேகா விரிகுடா வரையுள்ள துறைமுகங்களில், ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களைத் தூண்டில் போடக் கடலுக்கு அழைத்துச் செல்லும் படகுகள் பல தலைமுறைகளாக ஓடிவருகின்றன. அரசு ஆவணங்களில் இவற்றுக்கு வணிகப் பயணியர் மீன்பிடிக் கலங்கள் என்று பெயர். பிடிபடும் மீன் சந்தைக்குப் போகாமல் பிடித்தவர் வீட்டுக்கே போவதால், இவை தொழில்முறை மீன்பிடிப்பில் சேராமல் பொழுதுபோக்கு மீன்பிடிப்பின் கணக்கில் சேர்கின்றன. தூண்டிலும் உருளையும் படகிலேயே வாடகைக்குக் கிடைக்கும். உயிருள்ள மத்தியும் நெத்திலியும் இரையாகத் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும். சிக்கலான நூலைப் பிரித்துவிடவும் மீனைக் கொக்கியால் தூக்கவும் படகு வேலையாட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். சொந்தப் படகு வாங்கவோ, அதை நிறுத்தி வைக்கத் துறைமுகத்தில் இடம் பிடிக்கவோ வசதியில்லாத ஒரு தொழிலாளியும் அவர் பிள்ளைகளும் அரை நாள் பயணத்தில் பாறைமீனோ மஞ்சள்வால் பாரையோ பிடிப்பதற்கு இந்தப் பொதுப் படகுகளை விட்டால் வேறு வழி அரிது. இவற்றின் எஞ்சின் அறையைத்தான் மாநிலத்தின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இப்போது எட்டியிருக்கின்றன.

மாநிலத்தின் காற்றுத் தரத்துக்குப் பொறுப்பான கலிஃபோர்னியா காற்று வள வாரியம், துறைமுகப் பணிக் கலங்களுக்கான விதியை முதன்முதலில் 2007-இல் ஏற்றது. இழுவைப் படகு, பயணியர் படகு, மீன்பிடிப் படகு என்று கரையை ஒட்டி ஓடும் டீசல் கலங்களை அந்த விதி ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் நிறைவேறி 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அதை முன்பைவிடப் பல மடங்கு கடுமையாக்கியது. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கடல் டீசல் எஞ்சின்களை அவை வெளியிடும் மாசின் அளவைக் கொண்டு படிநிலைகளாகப் பிரித்திருக்கிறது: எந்தக் கட்டுப்பாடும் இல்லாத காலத்தில் செய்யப்பட்டவை கீழ்ப்படியில் இருக்க, நான்காம் படிநிலை எஞ்சின் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 1.8 கிராமுக்கு மேல் நைட்ரஜன் ஆக்சைடையோ 0.04 கிராமுக்கு மேல் துகளையோ வெளியிடக் கூடாது. வாரியத்தின் திருத்தம் பெரும்பாலான கலங்களிடம் மூன்றாம் அல்லது நான்காம் படிநிலை எஞ்சினைக் கேட்டதோடு நில்லாமல், அதன்மேல் துகள் வடிகட்டி ஒன்றையும் பொருத்தச் சொன்னது. விலங்குக் கொழுப்பு, தாவர எண்ணெய் போன்றவற்றை ஹைட்ரஜன் கொண்டு பதப்படுத்திச் செய்யும் புதுப்பிக்கத்தக்க டீசலையே எல்லாக் கலங்களும் பயன்படுத்த வேண்டும் என்பதும், தேவையின்றி 15 நிமிடத்துக்கு மேல் எஞ்சினைச் சும்மா ஓடவிடக் கூடாது என்பதும் அதே திருத்தத்தில் அடங்கும்.

விதியின் நோக்கத்தைக் குறை சொல்ல இடமில்லை. டீசல் புகையின் துகள்களை நச்சுக் காற்றுமாசு என்று இதே வாரியம் 1998-இல் அறிவித்தது, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய அத்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்று படிவதால், இதய நோய், ஆஸ்துமா, புற்றுநோய் ஆகியவற்றோடு அவற்றுக்குள்ள தொடர்பு நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டன், சான் டியேகோ துறைமுகத்தை ஒட்டிய பாரியோ லோகன் ஆகிய இடங்களில் வாழும் எளிய குடும்பங்கள் கப்பல், லாரி, ரயில், இழுவைப் படகு ஆகிய எல்லாவற்றின் புகையையும் சேர்த்துச் சுவாசித்துவருபவர்கள். தூண்டில் படகுகளின் பங்கும் அற்பமன்று. 1938-இல் அறிமுகமான டெட்ராய்ட் டீசல் 71 வரிசையைச் சேர்ந்த ஈரடி எஞ்சின்கள் பல பத்தாண்டுகள் இந்தப் படகுகளின் அடித்தட்டில் உறுமின. அப்படிப்பட்ட பழைய எஞ்சினோடு ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு படகின் மாசு, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிப் பேருந்துகளின் மாசுக்கு ஒப்பானது என்று வாரியம் கணக்கிட்டது. அந்தப் புகை முதலில் சென்று சேரும் இடம், படகின் பின்தளத்தில் நாள் முழுவதும் நின்று வேலைசெய்யும் ஆட்களின் நெஞ்சு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதியை எதிர்க்கும் கூட்டங்களில் இது போதுமான அளவு பேசப்படுவதில்லை.

புகை விதி வந்தாலே பொழுதுபோக்கு மீன்பிடிப்பு அழியும் என்ற அச்சம் பொதுவாக எழுவதுண்டு. அந்த அச்சத்தை ஏற்கெனவே பொய்யாக்கிய வரலாறு ஒன்று இருக்கிறது. அது படகின் பின்புறம் தொங்கும் வெளிப்பொருத்து பெட்ரோல் எஞ்சினின் வரலாறு. கார்புரேட்டர் பொருத்திய பழைய ஈரடி எஞ்சினில், எரிந்த வாயு வெளியேறும் துளையும் புதிய எரிபொருள் கலவை நுழையும் துளையும் சற்று நேரம் ஒருசேரத் திறந்திருப்பதால், உள்ளே வந்த பெட்ரோலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரியாமலே எண்ணெயோடு சேர்ந்து ஏரியில் கலந்தது. கூட்டாட்சி முகமை 1996-இல் ஒரு விதியை வெளியிட்டு, 1998 முதல் 2006 வரை படிப்படியாக ஹைட்ரோகார்பன் மாசை முக்கால் பங்கு குறைக்கச் சொன்னது. கலிஃபோர்னியா அதைவிட வேகமான கால அட்டவணையை 1998-இல் வகுத்து, வாங்குபவர் கண்ணில் படும்படி எஞ்சினின் மூடியில் நட்சத்திரச் சீட்டு ஒட்ட வைத்தது. டாஹோ ஏரியின் நிர்வாகம் 1999 ஜூனிலிருந்து கார்புரேட்டர் ஈரடி எஞ்சின்களையே தடைசெய்தது. எஞ்சின் செய்த நிறுவனங்களுக்கு அது சோதனைக் காலமாக இருந்தது. அவற்றுள் மிகப் பழையதொன்றான அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000 டிசம்பரில் திவாலானதற்கு, புதிய நேரடி எரிபொருள் பாய்ச்சும் அமைப்பில் ஏற்பட்ட பழுதுகளும் ஒரு காரணமாகக் கூறப்பட்டன. ஆனால் தூண்டில்காரருக்குக் கிடைத்தது நன்மையே: நாலடி எஞ்சின் விலை கூடியதாகவும் கனமானதாகவும் வந்தாலும், எரிபொருள் குறைவாகக் குடித்தது, இரைச்சல் அடங்கியது, மெல்ல ஓட்டிக்கொண்டே தூண்டில் இழுக்கும்போது முகத்தில் அடித்த நீலப் புகை மறைந்தது.

அந்த விதி வென்றதற்குக் காரணம் அது யாரை நோக்கிப் பேசியது என்பதில் இருக்கிறது. இனிமேல் விற்கப்படும் எஞ்சின் இப்படி இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளரிடம் அது சொன்னது. கையிலிருந்த பழைய எஞ்சினை, டாஹோ போன்ற சில நீர்நிலைகள் நீங்கலாக, உரியவர் தேயும்வரை ஓட்ட முடிந்தது. தேய்ந்தபின் கடையில் கிடைத்தது தூய்மையான எஞ்சின் மட்டுமே. துறைமுகப் பணிக் கலங்களுக்கான விதியோ, ஏற்கெனவே கடலில் ஓடிக்கொண்டிருக்கும் படகின் உரிமையாளரிடம் நேரே சென்று, குறித்த தேதிக்குள் எஞ்சினை மாற்று, வடிகட்டியைப் பொருத்து என்கிறது. ஒரே எஞ்சின் மாதிரியைத் தொழிற்சாலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிக்கொண்டு வருவதும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கட்டப்பட்ட நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய மரப்படகுக்குள் புதிய இயந்திரத்தை நுழைப்பதும் ஒன்றாகிவிடாது.

அந்த வேறுபாடு எஞ்சின் அறையின் உள்ளமைப்பில் கண்கூடாகத் தெரியும். இந்தப் படகுகளில் பெரும்பாலானவை மரத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆனவை. எஞ்சினிலிருந்து சில நூறு டிகிரி வெப்பத்தோடு வரும் புகைக்குள், எஞ்சினைவிட்டு வெளியேறிய உடனேயே கடல்நீர் பாய்ச்சப்படுகிறது. ஈரப் புகைப்போக்கு எனப்படும் இந்த ஏற்பாட்டில் புகை நொடியில் குளிர்ந்துவிடுவதால், அதன்பின் அது ரப்பர்க் குழாயிலும் கண்ணாடியிழைக் குழாயிலுமே, பயணிகள் படுக்கும் அறைகளுக்கு அடியில் பாதுகாப்பாகச் சென்று வெளியேறலாம். துகள் வடிகட்டியோ நேர்மாறான சூழலைக் கேட்பது. நுண்துளைச் சுவர்களையுடைய பீங்கான் கட்டிகளுக்குள் புகையைச் செலுத்தி 85 விழுக்காட்டுக்கு மேல் துகளைப் பிடித்துவைக்கும் அந்தக் கருவியில் தண்ணீர் படக் கூடாது. அது வெப்பமான, உலர்ந்த புகையின் பாதையிலேயே இருக்க வேண்டும். ஆகவே நீர் பாய்ச்சும் இடத்தைத் தள்ளிவைத்து, நடுவில் உலர்ந்த எஃகுக் குழாயை நீட்டி, அதைத் தடித்த வெப்பக்காப்பால் சுற்றி, மர விட்டங்களிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும். ஓர் ஆள் குனிந்து பக்கவாட்டில் நுழையுமளவே இடம் விட்டுக் கட்டப்பட்ட அறையில் அதற்கான வெளி எங்கிருந்து வரும் என்பதே முதல் கேள்வி.

வடிகட்டியில் சேரும் கரி அவ்வப்போது எரிந்து போக வேண்டும். இல்லையெனில் துளைகள் அடைத்து, புகை வெளியேற முடியாமல் எஞ்சின் திணறும். கரி தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வினையூக்கி பூசினால் அந்தத் தேவை வெகுவாகக் குறையும் என்றாலும், எஞ்சின் சுமை ஏற்று ஓடும்போதுதான் அந்தக் குறைந்த வெப்பமும் கிடைக்கும். நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்கு அது இயல்பாக அமைகிறது. தூண்டில் படகின் ஒரு நாள் அப்படிப்பட்டதன்று: மீன் இருக்கும் இடம்வரை வேகமாக ஓட்டம், அதன்பின் மணிக்கணக்கில் மெதுவாக நகர்வது அல்லது நங்கூரமிட்டு நிற்பது, கூட்டம் நகர்ந்தால் சிறிது தூரம் துரத்தி மறுபடி நிற்பது. இவ்வாறு ஓடும் படகில் கரி தானே எரிவது நிச்சயமில்லை. எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்தியோ மின்வெப்பத்தாலோ எரிக்க வேண்டியிருக்கும். மரப்படகின் வயிற்றுக்குள் அவ்வளவு வெப்பத்தை வேண்டுமென்றே உண்டாக்குவதைப் படகோட்டிகள் அஞ்சுவதில் பொருளுண்டு. சாண்டா குரூஸ் தீவருகே 2019 செப்டம்பர் 2 அன்று முக்குளிப்போரை ஏற்றிச் சென்ற கன்செப்ஷன் என்ற படகு தீப்பிடித்து 34 பேர் இறந்ததற்கும் எஞ்சின் விதிகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதே வகைக் கலங்களை ஓட்டுபவர்கள் தீயைப் பற்றிப் பேசும்போது அந்த இரவை மறந்து பேச முடியாது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சினின் ஆற்றல் தானாகக் குறைக்கப்படும் ஏற்பாடும் அதே அளவு கவலைக்குரியது. காற்று பாறைக் கரையை நோக்கித் தள்ளும் நேரத்தில் ஆற்றல் இழக்கும் படகுக்கு, சாலையோரம் ஒதுங்கி நிற்கும் வசதி இல்லை.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் இன்னொரு கருவியும் அதற்கான தொட்டியும் நான்காம் படிநிலை எஞ்சினோடு வழக்கமாக வருகின்றன. இவற்றுக்கு அடித்தட்டில் இடமில்லாமல் மேல்தளத்தில் வைத்தால் படகின் எடைமையம் உயரும். எடைமையம் உயர்ந்தால், கவிழாமல் நிமிரும் திறனைச் சோதித்து எத்தனை பயணிகளை ஏற்றலாம் என்று சான்றளிக்கும் கடலோரக் காவல் படை அந்த எண்ணிக்கையைக் குறைக்க நேரும். சிறிய எஞ்சின்களுக்கு வேறொரு தடை. கூட்டாட்சியின் நான்காம் படிநிலை, ஏறத்தாழ 800 குதிரைத்திறனுக்குச் சமமான 600 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக எஞ்சின்களுக்கே கட்டாயம். அதற்குக் கீழுள்ளவற்றை உற்பத்தியாளர் அந்தத் தரத்துக்குச் செய்யத் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட அளவிலும், விரைவோட்டப் படகுகளுக்கேற்ற இலகுவான எஞ்சின்கள் சந்தையில் கிடைக்கவில்லை என்று கண்டு, கூட்டாட்சி முகமையே 2020-இல் மெய்ன் மாநிலத்தின் சிங்கி இறால் படகுகள், துறைமுக வழிகாட்டிப் படகுகள் போன்றவற்றுக்காகக் காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. அந்த ஒப்புதலை வைத்துப் பார்த்தால், கிடைக்காத எஞ்சினைப் பொருத்தச் சொல்கிறார்கள் என்ற கலிஃபோர்னியப் படகோட்டிகளின் முறையீட்டை வெறும் முணுமுணுப்பு என்று தள்ள இயலாது.

வாரியத்துக்காகக் கலிஃபோர்னியக் கடல்சார் கல்விக்கழகம் நடத்திய சாத்தியக்கூற்று ஆய்வும், மர, கண்ணாடியிழைத் தூண்டில் படகுகளை மாற்றியமைப்பதிலுள்ள இடர்ப்பாட்டை எடுத்துக்காட்டியது. மாற்றியமைக்க முடியாதவற்றுக்குப் புதிய படகு கட்டுவதே வழி என்ற நிலை அதனால் உண்டாயிற்று. கலிஃபோர்னியத் தூண்டில் மீன்பிடிப்புச் சங்கமும் வடபகுதியில் கோல்டன் கேட் மீனவர் சங்கமும் இதை முன்வைத்துப் போராடியதன் பயனாக, 2022-இல் விதி நிறைவேறியபோது தூண்டில் படகுகளுக்கென்று ஒரு தனி ஏற்பாடு இடம்பெற்றது: 2024 முடிவதற்குள் மூன்றாம் படிநிலை எஞ்சினுக்கு மாறிவிடும் படகுகள், இறுதித் தரத்தை எட்ட 2034 முடிவுவரை நீட்டிப்புக் கேட்கலாம் என்றது அந்த ஏற்பாடு. அவசர நேரத்தில் வடிகட்டியைத் தவிர்த்து எஞ்சினை இயக்கும் வசதி வேண்டும் என்பது உள்ளிட்ட பாதுகாப்பு நிபந்தனைகளைச் சட்டமாக்க முயன்ற மசோதா ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறியும், 2024-இல் ஆளுநர் அதைத் தடுப்புரிமையால் நிராகரித்துவிட்டார். கடலில் ஆற்றல் இழப்பதன் அபாயத்தைச் சட்டத்தில் எழுதிவைப்பது தூய காற்றுக்கு எந்த வகையிலும் எதிரானதன்று. அந்த நிராகரிப்பு வருந்தத்தக்கது.

இதில் உள்ள பெரிய அநீதி வேறோர் இடத்தில் இருக்கிறது. துறைமுகப் பணிக் கலங்களுக்கான விதி சொந்த உல்லாசப் படகுகளைத் தொடுவதில்லை. ஒரு செல்வந்தர் தம் நண்பர்கள் மூவரோடு சூரை பிடிக்கக் கொண்டுபோகும் இரட்டை டீசல் எஞ்சின் படகு, பழைய எஞ்சினோடேயே இனியும் ஓடலாம். அதே கடலுக்கு, அதே சூரைக்கு, முப்பது பேரைச் சீட்டுக் கொடுத்து ஏற்றிச் செல்லும் படகு எஞ்சினை மாற்ற வேண்டும். பொதுப் படகு ஆண்டுக்குப் பல மடங்கு அதிக மணி நேரம் ஓடுவதால் அதைக் கட்டுப்படுத்துவதற்குக் காரணம் உண்டு என்பது உண்மை. ஆனால் மாசை ஓடும் மணிக்கணக்கில் மட்டும் அளக்காமல், கடலுக்குச் செல்லும் ஆளுக்கு எவ்வளவு என்று அளந்தால், முப்பது பேர் பங்கிட்டுக்கொள்ளும் எஞ்சின் பல சொந்தப் படகுகளைவிடத் தூய்மையானதாகத் தெரியக் கூடும். பொதுப் படகின் கட்டணம் ஏறி அதை விட்டவர்களில், பணமுள்ளவர் சொந்தப் படகுக்கோ, ஆறு பேரை மட்டும் ஏற்றும் வாடகைப் படகுக்கோ போவார். பணமில்லாதவர் தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன்பிடிப் பாலத்தில் நிற்பார்.

அரசு உதவி இல்லாமல் இல்லை. கார்ல் மோயர் திட்டம் என்ற பெயரில் 1998 முதல் நடந்துவரும் மானியத் திட்டத்தால் பல தூண்டில் படகுகள் பழைய எஞ்சினைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியிருக்கின்றன; துறைமுகக் காற்று அந்த அளவுக்கு நல்லபடியாக மாறியதில் படகு உரிமையாளர்களின் பங்கு பெரிது. சிக்கல் என்னவென்றால், விதி கட்டாயப்படுத்துவதற்கு மேலான, அல்லது அதற்கு முன்கூட்டியே நிகழும் குறைப்புக்குத்தான் அந்த மானியம் கிடைக்கும். விதியின் தேதி நெருங்க நெருங்க, செய்தே ஆக வேண்டிய வேலைக்குப் பொதுப்பணம் இல்லை என்றாகிவிடுகிறது. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் கதவு சாத்தப்படுகிறது. அதே ஆண்டுகளில் சாக்ரமெண்டோ ஆற்று சால்மன் குன்றியதால் 2023-இலும் 2024-இலும் கலிஃபோர்னியக் கடலில் சால்மன் பிடிப்பு முழுவதுமாக மூடப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ, ஹாஃப் மூன் பே, பொடேகா விரிகுடா ஆகிய இடங்களில் சால்மன் பருவத்தின் வருமானத்தை நம்பியிருந்த உரிமையாளர்கள், வருமானம் நின்ற ஆண்டுகளிலேயே புதிய எஞ்சினுக்குக் கடன் தேட வேண்டியவர்களானார்கள். சிறு துறைமுகத்தில் இருக்கும் இரண்டு மூன்று படகுகளில் ஒன்று விற்கப்பட்டால், அந்த ஊரில் சீட்டு விற்கும் கடையும், இரை விற்பவரின் பிழைப்பும், படகு வேலை கற்க வரும் இளைஞர்களின் வாய்ப்பும் உடனே ஆட்டம் காண்கின்றன.

இந்தப் படகுகள் போனால் இழக்கப்படும் இன்னொன்று பொதுவாகக் கவனத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் எங்கே தூண்டில் போடப்பட்டது, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்னென்ன மீன் எத்தனை என்று படகுத் தலைவர்கள் குறிப்பேட்டில் எழுதி மாநில மீன்வளத் துறைக்கு அளிக்கும் வழக்கம் 1936-இலேயே தொடங்கிவிட்டது. உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத அந்த நீண்ட பதிவு, கடல் வெப்பமான ஆண்டுகளில் எந்த மீன் வடக்கே நகர்ந்தது, எந்தப் பாறைமீன் அருகியது, பாதுகாப்புக்குப் பின் எது மீண்டது என்பவற்றை மீன்வள அறிவியலாளர் கணிப்பதற்கு ஆதாரமாக இருந்துவருகிறது. படகுத் தொகுதி பாதியாகச் சுருங்கினால் அந்தப் பதிவும் மெலியும். காற்றைக் காக்கும் விதி, அதே அரசு கடலை அறிந்துகொள்ளும் வழிகளில் ஒன்றை அடைத்துவிடக் கூடாது.

வில்மிங்டன் குழந்தையின் நுரையீரலா, சான் பெட்ரோ துறைமுகப் படகோட்டியின் பிழைப்பா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது தேவையற்றது. புதிய படகுகளைக் கட்டத் தேவையான பணத்தை யார் தருவது என்பதே விடை சொல்லப்படாத கேள்வி. சுத்தமான காற்றின் பலன் மாநிலம் முழுவதற்கும் சேருமானால், அதன் செலவில் ஒரு பகுதியைத் தூண்டில் போடும் தொழிலாளியின் பயணச் சீட்டில் ஏற்றாமல் மாநிலமே ஏற்பது நியாயம்: விதி கட்டாயமாக்கினாலும் மானியம் கிடைக்கும்படி மோயர் திட்டத்தின் நிபந்தனையை இந்தச் சிறு தொகுதிக்குத் தளர்த்தலாம், பழைய மரப்படகை ஒப்படைப்பவருக்கு, வடிகட்டிக்கும் யூரியாத் தொட்டிக்கும் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கி வரையப்பட்ட எஃகு அல்லது அலுமினியப் படகைக் குறைந்த வட்டிக் கடனில் கட்டிக்கொள்ள வழி செய்யலாம். ஒரு பயணியர் படகை வரைந்து, கடலோரக் காவல் படையின் ஒப்புதல் பெற்று, கட்டி முடித்துச் சோதித்து நீரில் இறக்க ஆண்டுகள் ஆகும். அந்த வகைப் படகைக் கட்டத் தெரிந்த தளங்களும் மேற்குக் கரையில் சிலவே. 2034 தொலைவில் இருப்பதாகத் தோன்றினாலும், அதற்குள் கட்டப்பட வேண்டிய படகுகளுக்கான பணம் இந்தப் பத்தாண்டின் வரவுசெலவுத் திட்டங்களிலேயே ஒதுக்கப்பட்டாக வேண்டும்.